இருபத்து மூன்றாவது இடம்

பிள்ளைப்பாக்கம் நரசிம்மனின் வலது உள்ளங்கைக்கு ஈரம் என்றால் உடனே தெரிந்துவிடும். வீட்டில் குடத்தின் அடி கசிந்தாலும் சரி, கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோர இருக்கையில் நேற்றைய மழை மிச்சம் இருந்தாலும் சரி, கண்ணுக்கு முன்னால் கை கண்டுபிடித்துவிடும். 2004 ஜூன் 14, திங்கட்கிழமை, ஒரகடம் சாலையில் ஒரு கார் கம்பெனியில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். அன்றிலிருந்து அந்தக் கைக்கு அதுதான் வேலை.

அவர் இருந்த இடத்துக்கு ஷவர் பூத் என்று பெயர். கட்டி முடித்த புதுக் கார் ஒன்று சுரங்கம் போன்ற அறைக்குள் வரும். கதவுகளை இறுக்கி மூடியதும் மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் நான்கு நிமிடம் தண்ணீர் பீறிட்டு அடிக்கும். அந்த நான்கு நிமிடமும் காருக்குள் ஒரு ஆள் இருப்பார். ஒரு கையில் டார்ச், மறு கை சும்மா. சும்மா இருக்கும் கைதான் முக்கியம். முன்கண்ணாடி ஓரம், கதவு ரப்பர்கள், கால் வைக்கும் இடம், டிக்கி என்று இருபத்திரண்டு இடங்களைத் தடவிப் பார்க்க வேண்டும். சொட்டு ஈரமும் இல்லையென்றால் டிக்கி கம்பளத்தைத் தூக்கி, அடியில் இருக்கும் தகரத்தில் பச்சை மார்க்கரால் தன் அடையாளத்தைப் போட வேண்டும். நரசிம்மனின் அடையாளம் ஒரு டிக், அதன் வாலில் ஒரு புள்ளி.

பூத்தின் வாசலில் ஒரு பலகை உண்டு. வாங்கிய கார் ஒழுகுகிறது என்று ஊரில் எங்கிருந்தாவது புகார் வந்தால், டிக்கியில் இருக்கும் அடையாளத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, அவர் பெயருக்கு நேரே ஒன்று கூட்டுவார்கள். அதற்கு ரிட்டர்ன் என்று பெயர். பலகையில் பதினோரு பெயர்கள் இருந்தன. நரசிம்மன் பெயருக்கு நேரே மட்டும் பூஜ்யம். 2026 பிப்ரவரி 28 அன்று அவர் ஓய்வு பெறும்போது அந்தப் பூஜ்யத்துக்காக ஒரு கேடயம் கொடுப்பதாக முடிவாகியிருந்தது. அதில் பொறிக்க வேண்டிய வாசகத்தைக்கூடக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

பலகையில் பத்தாவது பெயர் ஜெபகுமார். நேரே மூன்று என்று இருக்கும். அந்த மூன்றை நரசிம்மன் தினமும் ஒரு தடவை பார்ப்பார். பார்த்தால்தான் அவருக்கு அன்றைய ஷிப்ட் ஓடும்.

இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். ஜெபகுமாரின் டோக்கன் எண் 2216, நரசிம்மனுடையது 2217. வரிசையில் ஜெபகுமார் ஒரு ஆள் முன்னால் நின்றார், அவ்வளவுதான் காரணம். ஆனால் அன்று முன்னால் நின்றவர் பிறகு எதிலும் பின்னால் நிற்கவில்லை. 2012 ஏப்ரலில் ஜெபகுமார் லைன் லீடர் ஆனார். 2013 செப்டம்பரில் பயிற்சிக்கென்று இருபத்தொரு நாள் வெளிநாடு போய்வந்தார். திரும்பி வரும்போது நரசிம்மனுக்கு ஒரு டார்ச் வாங்கி வந்தார். 2018இல் ஷிப்ட் இன்சார்ஜ். மகள் ஜாஸ்மினுக்குத் தஞ்சாவூரில் மருத்துவப் படிப்பு. கடைசியாக, 2025 மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை, அதே கம்பெனியில் தயாராகும் மின்சாரக் காரில் ஒன்று, முத்து வெள்ளை நிறத்தில். ஆயர் வந்து ஜெபம் செய்த பிறகு ஜெபகுமார் சாவியை முதலில் நரசிம்மன் கையில்தான் கொடுத்தார்.

"நீ ஒரு ரவுண்டு ஓட்டுடா."

நரசிம்மன் ஓட்டினார். மறைமலை நகர் வரைக்கும் போய்த் திரும்பினார். சத்தமே இல்லாமல் போனது வண்டி. வயிற்றில் எரிந்தது அவருக்கு மட்டும் கேட்டது.

டார்ச் வாங்கி வந்ததும் சாவியைக் கொடுத்ததும்தான் அவரால் தாங்க முடியாதவை. ஜெபகுமார் கெட்டவராக இருந்திருந்தால் பாதிப் பாரம் குறைந்திருக்கும்.

அந்த வருடம் நவம்பர் 9 அன்று, அவர்களோடு பூத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம்பிராஜன், அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் கட்டிய புது வீட்டுக்குக் குடிபோனார். அறுநூறு கிலோமீட்டர். ரயிலில் இடம் கிடைக்கவில்லை. ஜெபகுமார் காரில் போகலாம் என்றார். நரசிம்மன் தயங்க, மனைவி ராஜம்மாதான் பையைக் கட்டி வைத்தாள்.

"ஜெபா அண்ணன் ஆசையாக் கூப்டுது, போயிட்டு வாங்க. வூட்ல இருந்தா சுவத்தயே தடவிகினு இருக்கப்போறீங்க."

"ராத்திரி எங்க தங்குறதாம்?"

"வண்டிலயேவாம். சீட்டு மடிச்சா மெத்தை மாதிரி ஆயிடுமாம், ராத்திரி பூரா ஏசி ஓடுமாம். ஃபோன்ல சொல்லிச்சு." ராஜம்மா சிரித்தாள். "நம்ம வூட்டு ஏசிக்கு ரிமோட்டு நாலு மாசமா வேல செய்யல."

சனிக்கிழமை பகல் ஷிப்ட் முடிந்து மூன்று இருபதுக்குக் கிளம்பினார்கள். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில்வே கேட் தாண்டிப் பெரிய சாலையில் ஏறியதும் ஜெபகுமார் பாட்டுப் போட்டார். உளுந்தூர்பேட்டையில் நாற்பத்தைந்து நிமிடம் சார்ஜ் போட்டார்கள். இரவு ஒன்பதே காலுக்குத் துவரங்குறிச்சியைத் தாண்டி ஒரு ஓட்டல் வளாகத்தில் வண்டியை நிறுத்தி மறுபடியும் சார்ஜ் போட்டுவிட்டு இட்லி சாப்பிட்டார்கள். பத்து இருபதுக்குப் பேட்டரி தொண்ணூறு சதவீதம் காட்டியது.

ஜெபகுமார் வண்டியை ஒரு வேப்பமரத்தடிக்கு நகர்த்தினார். பின் இருக்கைகளை மடித்தார். காற்றடித்த மெத்தை ஒன்றை விரித்தார். கண்ணாடிகளுக்கென்றே அளவாக வெட்டிய திரைகளை மாட்டினார். வண்டியின் தொடுதிரையில் ஏதோ தொட்டதும் விளக்குகள் அணைந்தன, ஏசி மட்டும் மெல்லிய காற்றாக வந்தது. நரசிம்மன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றார். டிக்கி பக்கம் தலை, முன்னிருக்கை பக்கம் கால். இரண்டு ஆள் தாராளமாகப் படுக்கலாம்.

"காலைல பாரு," என்றார் ஜெபகுமார். "விடிய விடிய ஏசி ஓடினாலும் ஏழு பர்சன்ட்டுக்கு மேல எறங்காது."

"யாரு சொன்னது?"

"ஜாஸ்மினப் பார்க்கப் போனப்ப ரெண்டு தபா இதுல படுத்திருக்கேன்டா. ஒரு தபா ஆறு, ஒரு தபா ஏழு."

இருபது சதவீதமாவது இறங்க வேண்டும் என்று நரசிம்மன் மனதுக்குள் வேண்டிக்கொண்டார். பிறகு, இறங்கினால் நாளை காலை நடுரோட்டில் தானும்தானே நிற்க வேண்டும் என்று நினைத்துப் பதினைந்தாகக் குறைத்துக்கொண்டார்.

ஜெபகுமார் படுத்தார், முணுமுணுத்து ஜெபித்தார், தூங்கிவிட்டார். பத்து நாற்பத்தேழுக்குக் குறட்டை வந்துவிட்டது. இரவு ஷிப்ட் ஜெபகுமாரும்தான் பார்த்தார், நரசிம்மனும்தான் பார்த்தார். ஆனால் நரசிம்மனுக்கு அந்த இரவுகள் உடம்பிலேயே தங்கிவிட்டன. எந்தக் கட்டிலிலும் அவருக்கு இரண்டு மணிக்கு முன்னால் கண் மூடியது கிடையாது. பதவி, கார், மகள் படிப்பு எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, அந்தக் குறட்டையை மட்டும் இன்னொரு தட்டில் வைத்தால், எதை எடுத்துக்கொள்வாய் என்று யாராவது கேட்டால், அவர் குறட்டையைத்தான் எடுத்திருப்பார். பக்கத்தில் படுத்திருப்பவன் தூக்கத்தைத் திருட முடியாது என்பதுதான் பெரிய கொடுமையாக இருந்தது.

ஒன்று பத்துக்கு மழை வந்தது. முதலில் கூரையில் தட்டிப் பார்த்தது, பிறகு கொட்டியது. பூத்துக்குள் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது நரசிம்மனுக்கு. கை தானாக எழுந்துவிட்டது. படுத்தபடியே கதவு ரப்பரைத் தடவினார். காய்ந்திருந்தது. பின்கதவின் மேல் விளிம்பு, காய்ந்திருந்தது. கையைத் தலைக்கு மேலே நீட்டி, இடது மூலையில் மெத்தைக்கும் ஓர அட்டைக்கும் நடுவே விட்டார்.

ஈரம்.

மணி பார்த்தார். ஒன்று நாற்பது.

அந்த நேரத்தில் அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை அவர் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. முத்து வெள்ளை ஒழுகுகிறது. எட்டு மாதமாகக் கேன்டீனில், 'ஒரு கம்ப்ளெய்ன்ட் கெடையாதுடா என் வண்டில' என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்த வண்டி ஒழுகுகிறது. காலையில் நம்பிராஜன் வீட்டில், சாப்பாட்டு வரிசையில், எல்லோரும் இருக்கும்போது எப்படிச் சொல்வது என்று வாக்கியத்தையே தயார் செய்தார். குரலை உயர்த்தாமல் சொல்ல வேண்டும். 'வண்டி நல்ல வண்டிதான், இடது மூலைல மட்டும் கொஞ்சம் தண்ணி வருது.' அந்தக் 'கொஞ்சம்' முக்கியம்.

ஆனால் இடத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் சொல்வது அவர் வழக்கமில்லை. சத்தம் வராமல் புரண்டு படுத்தார். பன்னிரண்டு வருடமாகச் சட்டைப் பையிலேயே இருக்கும் அந்த வெளிநாட்டு டார்ச்சை எடுத்து, மெத்தையின் மூலையை அழுத்திக்கொண்டு, கம்பளத்தைத் தூக்கினார். ஓர அட்டை ஏற்கனவே கழற்றி மாட்டப்பட்டிருந்தது, லேசாக இழுத்ததும் வந்துவிட்டது. உள்ளே நாலாக மடித்த பழைய கைலித் துணி ஒன்று சொருகியிருந்தது. ஊறிப்போயிருந்தது. பூஞ்சை வாசனை வேறு.

ஆக அவனுக்குத் தெரியும். தெரிந்தே துணி வைத்து அடைத்துவிட்டுப் பெருமை பேசுகிறான். நரசிம்மனுக்குச் சந்தோஷம் இரண்டு மடங்கானது. துணியை வெளியே எடுத்தார். டார்ச்சை உள்ளே காட்டினார்.

தகரத்தில் பச்சை மார்க்கரால் ஒரு டிக் இருந்தது. அதன் வாலில் ஒரு புள்ளி.

நரசிம்மன் டார்ச்சை அணைத்தார். மறுபடியும் போட்டார். டிக் அங்கேயே இருந்தது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அதன் பிறகுதான் பார்த்தார். பின்விளக்கின் ஒயர் உள்ளே வரும் ஓட்டையைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். அது ஒரு பக்கம் மடங்கி நின்றது. அந்த இடுக்கில் நூல் போல நீர் இறங்கிக்கொண்டிருந்தது. பெட்ரோல் கார்களில் அந்த இடத்தில் ஓட்டையே கிடையாது. மின்சாரக் கார் வந்தபோது, 2025 ஜனவரி 6 அன்று, பூத்தில் எல்லோருக்கும் புதுத் தாள் கொடுத்தார்கள். அதில் இருபத்து மூன்று இடங்கள். இருபத்து மூன்றாவது இதுதான். தாளைப் படித்ததும், பயிற்சி முடிந்தது என்று கையெழுத்துப் போட்டதும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் கை படித்திருக்கவில்லை. இருபது வருடம் ஓடிய தடத்திலேயே அது முன்கண்ணாடியில் தொடங்கி, இருபத்திரண்டாவது இடத்தில் நின்று, தானாக மார்க்கரை எடுத்திருக்கிறது. இந்தக் காரில் மட்டுமா? இன்றைக்குப் பகல் ஷிப்டில் பார்த்த காரில்? கண்ணை மூடிக்கொண்டு கையைக் காற்றில் ஓட்டிப் பார்த்தார். இருபத்திரண்டில் நின்றது.

அவரிடம் இருந்ததே ஒரு பூஜ்யம்தான்.

விரலை எச்சிலில் தொட்டு டிக்கைத் தேய்த்தார். போகவில்லை. சட்டை நுனியால் தேய்த்தார். அந்த மார்க்கரை 2009இல் கம்பெனி வாங்கியதே அவர் சொல்லித்தான். பழையது தண்ணீரில் கரைகிறது, என்ன செய்தாலும் போகாத மசி வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அதன் முனையால் புள்ளியைச் சுரண்ட ஆரம்பித்தார்.

"வுடு நரசிம்மா. அது போவாது."

குறட்டை எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை. ஜெபகுமார் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றார் நரசிம்மன்.

"ஜூன்ல மழை வந்துச்சுல்ல, அன்னிக்கே தெரியும். கழட்டிப் பார்த்தா உன் டிக்கு சிரிக்குது."

"சர்வீஸுக்கு வுட வேண்டிதுதானே."

"வுட்டா உன் பேர்ல ஒண்ணு ஏறும். இன்னும் கொஞ்ச நாள்ல கேடயம் வாங்கப் போற. ஒரு கைலித் துணி, தீர்ந்துச்சு. வாரத்துக்கு ஒருதபா புழிஞ்சுட்டு வெக்கிறேன்." ஜெபகுமார் ஒருக்களித்துப் படுத்தார். "நான் யார்ட்டயும் சொல்லல. எங்க வூட்ல கூடத் தெரியாது. தூங்குடா, நாலரைக்குக் கெளம்பணும்."

இரண்டு நிமிடத்தில் குறட்டை மறுபடியும் வந்துவிட்டது.

நரசிம்மன் துணியை ஜன்னலுக்கு வெளியே பிழிந்து, தன் பையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டார். அந்த இடத்தில் தன் துண்டை மடித்து வைத்தார். ஐந்து மாதம். வாரத்துக்கு ஒரு தடவை என்றால் இருபது தடவைக்கு மேல் ஒருவன் தன் புதுக் காரின் மூலையில் குனிந்து அவருக்காகத் துணி பிழிந்திருக்கிறான். பதவி உயர்வை மன்னித்துவிடலாம். காரை மன்னித்துவிடலாம். இதை எப்படி மன்னிப்பது?

நாலரைக்குத் திரையில் எண்பத்து மூன்று சதவீதம் காட்டியது. சரியாக ஏழு.

"பாத்தியா?" என்றார் ஜெபகுமார்.

நம்பிராஜன் வீட்டுக்கு ஒன்பதுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் வாழைமரம், உள்ளே சுண்ணாம்பு வாசனை மாறாத சுவர். நம்பிராஜன் பட்டு வேட்டியோடு ஓடிவந்தார்.

"வாங்கடே, வாங்க. வண்டிலயே படுத்தா வந்திய? லாட்ஜு ஒண்ணு கெடைக்கலியா உங்களுக்கு?"

"லாட்ஜுல இவ்ளோ குளு குளுன்னு கெடைக்காது நம்பி," என்றார் ஜெபகுமார். "நரசிம்மனக் கேளு."

"இவன் எங்க தூங்கியிருப்பான்? சுத்திச் சுத்தித் தடவிட்டுல்லா கெடந்திருப்பான்." சுற்றி நின்ற சொந்தக்காரர்களிடம் நம்பிராஜன் நரசிம்மனின் தோளைப் பிடித்துக் காட்டினார். "இந்தா நிக்கான் பாருங்க, இவன் கை பட்ட வண்டி ஒழுகவே ஒழுகாது. இருவது வருசத்துல ஒரு ரிட்டர்ன் கெடையாது. எனக்கு ஒம்பது. என்னடே, அந்த பூஜ்யம் இன்னும் இருக்கா?"

நரசிம்மன், "இருக்கு," என்றார்.

பலகையைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அது. அதோடு முடிந்திருந்தால்கூட ஒருவேளை அவர் சும்மா இருந்திருப்பார். ஆனால் பக்கத்தில் நின்ற ஜெபகுமார், முதுகில் தட்டிக்கொடுத்து, "அது எங்க போவும் நம்பி? நாங்கல்லாம் இருக்கோம்ல," என்றார்.

இலை போட்டார்கள். நரசிம்மன் தண்ணீர் தெளித்துத் துடைத்த இலையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார். இத்தனை நாள் அந்தப் பூஜ்யம் அவருடையது. இன்றைக்கு அது ஜெபகுமாரின் டிக்கியில் இருக்கிறது. கேடயம் வாங்கும்போதும் அங்கேதான் இருக்கும். அவர் செத்த பிறகு மாலை போட வருகிறவர்களிடமும், சொல்லாமல் சொல்லிக்கொண்டு, ஜெபகுமார் நல்லவனாகவே நிற்பான். அவியல் பரிமாறும்போது நரசிம்மன் முடிவு செய்துவிட்டார். அதைத் திருப்பி வாங்க ஒரே வழிதான் இருந்தது, அதை உடைப்பது.

நவம்பர் 10, திங்கட்கிழமை, காலை ஆறே காலுக்குத் தரக்கட்டுப்பாட்டு அறைக்குப் போனார். கனிஷ்கா என்ற இளம் இன்ஜினியர் அப்போதுதான் கணினியைத் திறந்துகொண்டிருந்தாள். நரசிம்மன் ரிட்டர்ன் படிவம் ஒன்று கேட்டு வாங்கி, நின்றபடியே நிரப்பினார். வண்டியின் சேசிஸ் எண்ணைப் பதினேழு எழுத்தும் பார்க்காமல் எழுதினார்.

கனிஷ்கா வாங்கிப் படித்தாள். "சார், இந்த மார்க் உங்களோடது."

"ஆமாம்மா."

"உங்க மேல நீங்களே எழுதறீங்களா?"

"என்மேல எழுத வேற யாரு இருக்காங்க? இருபத்து மூணாவது எடத்த நான் பார்க்கவே இல்ல. ஜனவரிலேர்ந்து என் டிக்கு இருக்கற எலக்ட்ரிக் வண்டி அத்தனையும் பார்க்கச் சொல்லுங்க."

அவள் படிவத்தை மேசைமேல் வைத்தாள். "பிப்ரவரில உங்களுக்கு ஷீல்டு இருக்கு சார்."

"தெரியும்மா. நான்தான் வாசகம் எழுதிக் குடுத்தேன்."

படிவத்தில் ஷிப்ட் இன்சார்ஜ் கையெழுத்து வேண்டும். பத்து மணி டீயின்போது ஜெபகுமார் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பூத் வாசலுக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"இன்னாடா இது?"

"படிச்சுப் பாரு."

"படிச்சுட்டுதான் வரேன். மூணே மாசம்டா. வாயத் தொறக்காம இருந்தா முடிஞ்சுபோச்சு. இப்ப என்னையும்ல மாட்டி வுட்ட? இன்சார்ஜு, சொந்த வண்டி, ஜூன்லேர்ந்து தெரிஞ்சும் மறைச்சான்னு மெமோ குடுப்பாங்க."

"ஜூன்னு எங்க எழுதிருக்கு?"

ஜெபகுமார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். 'கசிவு முதலில் கவனிக்கப்பட்ட நாள், நேரம்' என்ற கட்டத்தில், நரசிம்மனின் குண்டு குண்டான எழுத்தில், 09.11.2025, அதிகாலை 1.40 என்று இருந்தது.

"நான் எழுதுற ஃபார்மு," என்றார் நரசிம்மன். "நான் எப்ப பார்த்தேனோ அதத்தான் எழுத முடியும். நீ எப்ப பார்த்தன்னு ஃபார்ம் கேக்கல."

அந்தக் கட்டத்தை நிரப்புவதற்கு மட்டும் அவருக்குக் காலையில் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. ஜூன் என்று எழுதினால் ஜெபகுமார் பெயரில் முதல் மெமோ ஏறும். பேனா முனை அந்தக் கட்டத்தின் மேல் நின்று நின்று பார்த்தது. எழுதியிருந்தால் இனித்திருக்கும்தான். ஆனால் ஐந்து மாதம் துணி பிழிந்த கடனைத் தீர்க்க அப்புறம் வேறு எதுவும் மிச்சமிருக்காது.

ஜெபகுமார் சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "மோசமான ஆளுடா நீ," என்றார். அதில் கோபம் பாதிதான் இருந்தது.

நரசிம்மன் லாக்கரைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். உள்ளே அந்தக் கைலித் துணி, துவைத்து, மடித்து. ராஜம்மா அதற்கு இஸ்திரிகூடப் போட்டிருந்தாள்.

"உன் துணி. இனிமே எனக்கு வாணாம்."

"என் டிக்கில ஒரு துண்டு கீது, அது யார்து?"

"அது என்னுது. ரப்பர் மாத்தினதும் குடுத்துடு."

ஜெபகுமாரின் காரில் அன்று மாலையே வளையத்தை மாற்றினார்கள். எல்லா ஊர் சர்வீஸ் நிலையங்களுக்கும் உத்தரவு போனது. நவம்பர் முடிவதற்குள் மடங்கிய வளையத்தோடு இன்னும் ஆறு வண்டிகள் அகப்பட்டன. ஆறிலும் டிக், வாலில் புள்ளி. அதற்குள் நரசிம்மன் கைக்குப் புதுத் தடம் பழக்கிவிட்டிருந்தார். ஷிப்டுக்கு முன்னால், சும்மா நிற்கும் வண்டியில் உட்கார்ந்து, எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே, நாளைக்கு ஐம்பது தடவை. இருபத்து மூன்று சொல்லாமல் கை மார்க்கரைத் தொட்டால் இடது கையால் அதன் மேல் ஒரு அடி.

டிசம்பர் 1, திங்கட்கிழமை, கனிஷ்கா பலகையைத் திருத்த வந்தாள். பூஜ்யத்தை அழிக்கத் தயங்கி நின்றாள். நரசிம்மன் அவள் கையிலிருந்த துணியை வாங்கித் தானே அழித்தார். இருபத்தொரு வருடத்து மசி என்பதால் வெள்ளைப் பலகையில் ஒரு வட்டத் தடம் மிஞ்சியது. அதன் மேலேயே ஏழு என்று எழுதினார். கேடயத்துக்கு என்ன செய்வது என்று மேலே கேட்டிருக்கிறேன் என்றாள் அவள். அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார்.

மனம் லேசாகத்தான் இருந்தது. ஜெபகுமாரிடம் இனி எதுவும் பாக்கியில்லை. டார்ச்சை மட்டும் திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசித்து, அது நன்றாக எரிகிறது என்பதால் விட்டுவிட்டார். பூத்துக்குள் நுழையும் முன் வழக்கப்படி பலகையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

பத்தாவது பெயர் ஜெபகுமார். நேரே மூன்று.

பதினோராவது பெயர் நரசிம்மன். நேரே ஏழு.

இதிலும் அவனுக்குத்தான் நன்றாக அமைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நரசிம்மன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு வண்டிக்குள் ஏறிக் கதவை இறுக்கி மூடினார்.